இன்னைக்கு மட்டும் சொன்ன டாக்டர்

அந்த டாக்டரிடம் யார் போய் "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டாலும் "இன்னைக்கு நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். நேற்றைப் பற்றிப் பேச மாட்டார், நாளையைப் பற்றியும் பேச மாட்டார். மழை வருமா என்று கேட்டால்கூட வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு "இப்ப இல்ல" என்பார். 'இன்னைக்கு' என்ற இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நான் வருஷக்கணக்கில் வெறுத்தேன். வெறுத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று மாரியம்மன் கோயில் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை, அவருக்குப் பிடிக்காது. இன்னொருவன் பெயரையும் எழுதப் போவதில்லை, எனக்குப் பிடிக்காது. அவன் என் தம்பியைக் கொன்றவன்.

டாக்டர் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தார். கோர்ட் அனுப்புகிற கைதிகளைப் பார்த்து, இந்த ஆள் கூண்டில் நின்று விசாரணையைச் சந்திக்க முடியுமா, தன்மேல் என்ன குற்றம் சுமத்தியிருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியுமா, தன் பக்கத்துக் கதையை வக்கீலிடம் சொல்லத் தெரியுமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கொலை செய்தானா இல்லையா என்று அவர் கேட்க மாட்டார். செய்த நேரத்தில் புத்தி சரியாக இருந்ததா என்பதும் வேறு கேள்வி, அதை விசாரணையில் பார்த்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த ஆள் விசாரணைக்கு லாயக்கா, அவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியது. லாயக்கில்லை என்று சொல்லிவிட்டால் கேஸ் அப்படியே நின்றுவிடும். ஆளுக்கு வைத்தியம் நடக்கும். என் தம்பியின் கேஸ் அப்படித்தான் நின்றது.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம். தம்பி பாஸ்கரும் அவனும் அதில் தங்கியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். அவன் விழுப்புரம் பக்கத்து ஆள், அப்பா அம்மா இல்லாதவன். என்னை அக்கா என்று கூப்பிடுவான். அவனுக்கும் சேர்த்துத்தான் நான் உலை வைத்தேன். கடைசி சில மாதங்களாகச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். காதில் யாரோ பேசுகிறார்கள் என்றான். "ரெண்டு நாள் லீவு போட்டு தூங்குடா, சரியாப் பூடும்" என்றேன். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி பிரியாணி வாங்கி வந்தான். அதில் விஷம் கலந்திருக்கிறது என்று சொல்லி, மாடியில் கிடந்த இரும்பு பைப்பை எடுத்துத் தம்பியை அவன் அடித்திருக்கிறான். சத்தம் கேட்டு நான் மேலே ஓடியபோது அவன் இரண்டு தட்டையும் கழுவிக்கொண்டிருந்தான். "பாஸ்கர் தூங்குறான்க்கா, எழுப்பாத" என்றான்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டார். "நடிக்கிறான்டி. தட்டு கய்வத் தெரிஞ்சவனுக்கு ஆளை அட்ச்சது தெரியாதா இன்னா?" நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது? பைத்தியம் என்று ஒத்துக்கொண்டால் அப்புறம் யார்மேல் கோபப்படுவது?

பூந்தமல்லி கோர்ட்டில்தான் டாக்டரை முதன்முதலாகப் பார்த்தேன். குள்ளமான ஆள். தொளதொள அரைக்கைச் சட்டை. அதன் பை கனம் தாங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கூடு, பேனா, சாவிக்கொத்து, தைலப் புட்டி, ஒரு சோம்புப் பொட்டலம் எல்லாம் அதற்குள். சோம்பை மென்றுகொண்டே வந்து, கூண்டில் ஏறும்போது மட்டும் விழுங்கினார். "இன்னைக்கு நிலைமையில இவர் விசாரணைக்கு லாயக்கில்லைங்க ஐயா" என்றார். பாஸ்கரைக் கொன்றவனை 'இவர்' என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழ வண்டி அருகே நின்றிருந்தார். "இன்னைக்குப் பழம் எப்படிப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் நேரே போய் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. அவர் நகரவில்லை, குறுக்கே பேசவில்லை. அவருடைய பஸ் வந்து நின்று புறப்பட்டுப் போனது. அதையும் விட்டுவிட்டு, நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னாய்யா அப்டி பாக்கற? என்னியும் பைத்தியம்னு எய்தப் போறியா?" என்றேன்.

"இன்னைக்கு இல்லம்மா" என்றார்.

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பையும் டாக்டர் கணக்கில்தான் சேர்த்தேன்.

சில மாதத்துக்கு ஒருமுறை அவர் அறிக்கை கோர்ட்டுக்கு வரும், லாயக்கில்லை என்றே வரும். ஒரு துணிக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. வாய்தா நாளெல்லாம் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் சர்க்கார் வக்கீலுக்கே பொறுமை போய்விட்டது. "எதை வெச்சு டாக்டர் முடிவு பண்றீங்க? ஜோசியமா?" என்று கேட்டார்.

டாக்டர் சட்டைப்பையைக் காலி செய்தார். சாமான்களை ஒவ்வொன்றாகக் கூண்டின் கட்டைமேல் வைத்தார். "கண்ணாடிக்கூடு ஜட்ஜ் ஐயா. பேனா அவரோட வக்கீல். சாவிக்கொத்து நீங்க. தைலப் புட்டி சாட்சி. சோம்புப் பொட்டலம் அவரு. யார் எங்க உக்காருவாங்க, யாருக்கு என்ன வேலை, யார் உன் பக்கம், யார் எதிர்ப்பக்கம், கேஸ் தோத்தா என்ன ஆகும்னு கேப்பேன். அவர் வார்த்தையில சொல்லணும்."

"இவர் என்ன சொன்னார்?"

"கண்ணாடிக்கூட்டைக் காதுல வெச்சுக்கிட்டு, இதுக்குள்ள என்னைப் பத்திப் பேசுறாங்கன்னு சொன்னார்."

கோர்ட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் மனப்பாடம் செய்துகொண்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

டாக்டர் காசு வாங்கியிருப்பார் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் அநாதையிடம் என்ன காசு வாங்க முடியும் என்று யோசிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. அந்தச் சந்தேகத்தையும் டாக்டரே ஒருநாள் கெடுத்துவிட்டார். எங்கள் கேஸுக்கு முன்னால் வேறொரு கேஸைக் கூப்பிட்டார்கள். நிலத் தகராறில் சொந்த அண்ணனை வெட்டியவன். வசதியான ஆள், கூட வந்த சொந்தக்காரர்களுக்கே இரண்டு கார். தாடியும் மீசையுமாக வந்து, பெயரைக் கேட்டால் "நான் முருகன்" என்றான். பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

"இவர்கிட்டயும் அதே அஞ்சு சாமான்தான் வெச்சேன்" என்றார் டாக்டர். "கண்ணை மூடிக்கிட்டு வெச்சாக்கூட எப்பவாவது ஒண்ணு சரியா விழும். இவர் ஒரு தடவைகூட ஒண்ணையும் சரியா வைக்கலை. எல்லாத்தையும் தப்பா வைக்கணும்னா எது சரின்னு தெரிஞ்சிருக்கணும். இன்னைக்கு இவர் லாயக்கு."

முருகன் முகம் செத்துப்போனது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. இந்த மனுஷன் நடிப்பவனைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். காசுக்கும் மயங்காதவர். அப்படியென்றால் எங்கள் கேஸில் அவர் சொல்வது நிஜம். காசு வாங்கியவனாக இருந்தால் அவனுக்கு மேலே ஒருவனிடம் போய் முறையிடலாம். நிஜத்தைச் சொல்கிறவனை என்ன செய்வது?

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லா ஊரிலும் குற்றவாளியின் ஆட்கள் அவனுக்குப் பைத்தியமாக நடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் செத்தவனின் அக்கா, கொன்றவனுக்குத் தெளிந்தவனாகப் பேசச் சொல்லிக் கொடுக்கப் போனேன். இதற்காக நான் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் இல்லை. பரீட்சையில் வருகிற கேள்வி எனக்குத் தெரியும். அவனுக்கு வேறு ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் போய் அக்கா என்றேன், உள்ளே விட்டார்கள். யாருக்கு அக்கா என்று எவரும் கேட்கவில்லை.

அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. "வாக்கா. பாஸ்கர் வரலியா? ஷிஃப்டா?"

அவன் கழுத்தை நெரிக்க என் கை எழுந்தது. அதே கையால் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்தேன்.

"கண்ணாடிக்கூடு யாரு?"

"ஜட்ஜ் ஐயா."

"இன்னா பண்ணுவாரு?"

"ரெண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்பு சொல்வாரு."

"கேஸு தோத்தா?"

"ஆயுசுக்கும் ஜெயிலு."

சரியான பதிலுக்கு ஒரு சுளை. தப்பான பதிலுக்கு ஒன்றும் கிடையாது. வாராவாரம் போனேன். எல்லாக் கேள்விக்கும் டக்கு டக்கென்று பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை டாக்டர் தோற்கப்போகிறார் என்று கம்பெனியில் துணியை மடித்துக்கொண்டே தனியாகச் சிரித்திருக்கிறேன்.

அடுத்த அறிக்கைக்கு முன்னால் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் டாக்டர் என்னை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன்.

"இன்னைக்கு நான் பேனாதான் ஜட்ஜ்னு மாத்தி வெச்சேன்" என்றார். "அவன் கண்ணாடிக்கூட்டைப் பார்த்துத்தான் ஜட்ஜ் ஐயான்னு கும்பிடுறான். ஒவ்வொரு பதிலுக்கும் என்கிட்ட உள்ளங்கையை நீட்டுறான். என்னம்மா குடுத்தீங்க?"

"ஆரஞ்சு" என்றேன். மறைக்கத் தோன்றவில்லை. "வேற இன்னா சார் பண்றது? எத்தினி வருசம் சார்? அவன் கூண்டுல நிக்கட்டும். தண்டன குடுங்க."

"யாருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவர் தாடையால் வராந்தாவைக் காட்டினார். அங்கே அவன் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கொடுத்த ஆரஞ்சின் தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"இப்பப் போயி ஆயுள் தண்டனைன்னு சொல்லுங்க. இன்னொரு பழம் இருக்கான்னு கேப்பான். நீங்க தேடுற ஆளு இன்னைக்கு இங்க இல்லம்மா. அவன் வரட்டும். வந்தா நானே கோர்ட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அந்தப் பேச்சு என்னைக் குடைந்துகொண்டே வந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஜெயில் எனக்குப் பெரிதில்லை. தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பாஸ்கர் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் ஜெயிலில் சோறு தின்றால் அது என்ன தண்டனை? அவன் நிம்மதியாக இருக்கிறான். நிம்மதியில்லாமல் இருப்பது நான்.

அன்றிலிருந்து அவன் குணமாக வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. மண்ணை வாரித் தூற்றிய அதே கோயிலில், அவனுக்குப் புத்தி தெளிந்தால் மாவிளக்கு போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒனக்கும் அங்கியே ஒரு பெட்டு போடச் சொல்லிட்டு வரட்டா?"

டாக்டர் அவசரப்படவில்லை. மருந்தை மாற்றினார், அளவை மாற்றினார். எப்போது கேட்டாலும் "இன்னைக்குக் கொஞ்சம் தேவலை", "இன்னைக்கு ஒண்ணும் சரியில்ல", இவ்வளவுதான். நானும் பழம் வாங்கிக்கொண்டு போவதை நிறுத்தியிருந்தேன். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

பிறகு ஒரு வாய்தாவில் டாக்டர் கூண்டில் ஏறினார். அன்றைக்குச் சோம்பு மெல்லவில்லை.

"அஞ்சு சாமானையும் மாத்தி மாத்திக் கேட்டேன். எல்லாத்தையும் சரியா வெச்சார். ஒவ்வொருத்தர் வேலையையும் அவர் வார்த்தையிலயே சொன்னார். அவர் வக்கீல்கிட்ட என்ன சொல்லணும்னும் தெரிஞ்சிருக்கு. அப்புறம் நான் கேக்காமலே தன் சட்டைப் பட்டன் ஒண்ணைப் பிச்சு மேசையில வெச்சார். இது யாருன்னு கேட்டேன். பாஸ்கர்னார். இவனை எங்க சார் வைக்கிறது, கோர்ட்ல இவனுக்கு எங்க எடம்னு கேட்டார்."

டாக்டர் நீதிபதி பக்கம் திரும்பினார். "இன்னைக்கு இவர் லாயக்கு."

நான் அவனைப் பார்த்தேன். சட்டையில் ஒரு பட்டன் இல்லை. குற்றச்சாட்டை வாசித்தார்கள். தம்பியின் பெயர் வந்த இடத்தில் அவன் இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டான். "புரியுதா?" என்று நீதிபதி கேட்டார். "புரியுதுங்க" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். ஒரு தடவை பார்த்தான். அக்கா என்று கூப்பிடவில்லை. தலை தொங்கிப்போனது. அப்புறம் நிமிரவே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படியும் இதைச் சொல்ல முடியாது. அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசி எடுத்துச் சாப்பிட்டேன். மறுநாளே மாவிளக்கு போட்டேன்.

அவனை ஜெயிலுக்கு மாற்றினார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. கொலை நடந்த அன்றைக்குப் புத்தி இருந்ததா இல்லையா என்று இரண்டு வக்கீல்களும் அடித்துக்கொள்கிறார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் வரட்டும் என்று இருக்கிறேன். டாக்டர் ரிட்டயர் ஆகிவிட்டார்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆவடி மார்க்கெட்டில், மீன் கடையில். ஒவ்வொரு சங்கராவின் செவுளையும் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரம்மா கடுப்பாகிவிட்டாள். "இன்னா சார், மீனுக்கும் சர்டிபிகேட் குடுக்கப் போறியா?" அவர் மெனக்கெட்டு இன்னொன்றையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

"நல்லா கீறீங்களா சார்?" என்றேன்.

"இன்னைக்கு நல்லா இருக்கேன்மா."

"அவன் இனிமே இப்டியேதான இருப்பான் சார்?"

"மாத்திரை போடுற வரைக்கும். ஜெயில்ல நிறைய பேரு நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சு, அப்புறம் துப்பிடுவாங்க."

"இன்னாத்துக்கு சார்?"

"போட்டா எல்லாம் தெளிவா ஞாபகம் இருக்கும்ல. அது தாங்காது. விட்டுட்டா கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடும். நிம்மதி."

நிம்மதி என்ற அந்த வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. "நான் போயி பாத்துக்கறேன் சார்" என்றேன்.

"நல்லதும்மா" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். எத்தனையோ பேர் முகத்தைப் படித்தவர். மீன் பையில் இருந்து அவர் செருப்பின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எதுக்காகம்மா போறீங்க?" என்றார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "எதுக்காகப் போனாலும் போங்க. மாத்திரை மட்டும் நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய்க்கொண்டிருக்கிறேன். மனு போட்டு, அக்கா என்று சொல்லி, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் போய் நிற்கிறேன். சர்க்கார் வக்கீலுக்குத் தெரிந்தால் திட்டுவார். போன வாரமும் போனேன். அவன் ரொம்ப இளைத்திருந்தான்.

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்க்கா." பிறகு வலையில் விரலை மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டான். "கண்ணைத் தொறந்தாலும் மூடினாலும் பாஸ்கர்தான் தெரியறான்க்கா. ஒரே ஒரு நாளு போடாம இருந்துக்கட்டுமா?"

"நாக்கைத் தூக்கு" என்றேன்.

அழுதுகொண்டே தூக்கினான். குனிந்து, இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை. இன்றைக்குப் போட்டிருந்தான்.